அடுக்களைச் சன்னல்

தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டரில் பிளான் வரைந்து தந்த அம்மாளின் அறைக்குச் சன்னலே கிடையாது. தூசி வரும் என்று கதவையும் சாத்தியே வைத்திருப்பார்கள். ஏசிக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்தியிருப்பார். யாராவது கதவைத் திறந்தால், அது மூடும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னேன். படம் மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். வீட்டோடு சேர்ந்து அடுப்பும் பெஞ்சு மாதிரி நீண்டுவிட்டது. இருவருமே சிரித்துவிட்டோம்.

கட்டில், கதவு, அடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு ஏதோ மாற்றினார். "இனி வீட்டை இழுத்தா இதெல்லாம் இடம் மட்டுந்தான் நவுரும் அண்ணாச்சி, அளவு மாறாது. அடுக்களை சன்னலை மட்டும் விட்டுருதேன். அது வீட்டோட சேந்து பெருசாவட்டும்."

"அடுக்களைக்கு எதுக்கும்மா அம்புட்டுப் பெரிய சன்னல்?"

"அங்கன நாள்பூரா நிக்கப்போறது நீங்களா?"

அதற்குள் யாரோ கதவைத் திறந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் வரைந்தபடியே கட்டினோம். அடுக்களைக்கு எதற்கு இவ்வளவு பெரிய சன்னல் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். என் மனைவி ஒரு நாளும் கேட்டதில்லை.