மலருடைய விதை மெஷினுக்குப் புதுக் கொழு

அர்ச்சுனன் தன் தங்கை மலருக்கு ஆயிரத்து இருநூறு வெள்ளி கடன்பட்டிருந்தார். வாங்கி நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. வக்கில்லாமல் வைத்திருந்த கடன் இல்லை அது. சாஆ ஊரில் இறங்கி, வெல்டிங் பட்டறை எங்கே என்று கேட்டால் போதும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம், கை நேரே அவர் பட்டறைப் பக்கம்தான் நீளும். பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லர் நடுக்காட்டில் அச்சு முறிந்து படுத்துவிட்டால் தோட்டத்துக்காரர்கள் முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஓர் இரும்பைக் கையில் தூக்கிப் பார்த்தே அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பட்டறை, அதற்கு மேல் மாடி வீடு, இரண்டு லோரி, எல்லாம் அந்த இரண்டு கையால் வந்தவை.

"ஒத்தக் காசுக்கு ஒருத்தன்கிட்ட கை நீட்டாம வந்தவன்லா நான்!" தேத்தண்ணிக் கடையில் இதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

அந்தப் பேச்சில் ஒரே ஓர் ஓட்டை. முதல் வெல்டிங் செட் வாங்கிய காசு மலருடையது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. செம்பனை மரத்தடியில் குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கி, தன் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தாள். பழைய செட் ஒன்று விலைக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். மொத்தக் காசையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "கல்யாணம் எங்கண்ணே ஓடிடப் போவுது? இது போனா வராது" என்றாள்.

மலர் மகள் ஷாமளாவின் கல்யாணத்தில் தாய்மாமன் சீராக அர்ச்சுனன் ஐயாயிரம் வெள்ளியைத் தட்டில் வைத்தார். மைக்கில் பெயரும் தொகையும் சொல்லச் சொன்னார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பந்தி முடிந்ததும் தங்கையிடம் போய், "அந்தப் பழைய கணக்கும் இதோட நேராப் போச்சு" என்றார்.

மலர் சிரித்தாள். "சீர் சீருண்ணே, கடன் கடன். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதே."

சரி என்று மறுவாரம் ஆயிரத்து இருநூறைத் தனியாக எடுத்து மனைவி ராஜம்மாவிடம் கொடுத்தனுப்பினார். காசு போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு வார்த்தையும் வந்தது: "அண்ணி, யாருகிட்டயும் கை நீட்டாம வந்தவரு எனக்கு எப்படிக் கடன்காரரு ஆவாரு? பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க."

ராஜம்மா அதை ஓர் எழுத்து குறையாமல் ஒப்பித்தாள். அர்ச்சுனனுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துகொண்டார். அப்படியே வருஷங்கள் ஓடின.

போன வருஷம் மலர் ஒரு துணிச்சலான காரியம் செய்தாள். புருஷன் இறந்தபோது வந்த சேமநிதிக் காசை எடுத்து மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். பழைய செம்பனையைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்த நிலம். கன்றுகள் வளர்ந்து நிழல் கட்டும்வரை வரிசைகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் இடத்தில் இனிப்புச் சோளம் போடுவது அவள் திட்டம். வயதோ அறுபதைத் தாண்டிவிட்டது, குனிந்து குனிந்து விதைக்க இடுப்பு கேட்காது. அதனால் டிராக்டர் பின்னால் இழுக்கிற விதை மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கினாள். அங்கேதான் சனியன் பிடித்தது.

பக்கத்துத் தோட்டக்காரன் சுகுமாறன்தான் அவளுக்கு டிராக்டர் வாடகைக்கு ஓட்டுபவன். அவன் ஒரு காலையில் மெஷினை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பின்னால் மலர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"அண்ணே, அக்கா வாங்குன மெஷினு உழுவலைண்ணே, தலை சீவுது" என்றான் சுகுமாறன்.

அர்ச்சுனன் குனிந்து பார்த்தார். விதை இறங்குகிற குழாய்க்கு முன்னால் மண்ணைக் கீறிக்கொண்டு போக நான்கு கொழு. கோழி மூக்கு மாதிரிக் கூரான கொழு. நன்றாக உழுது பொடியாக்கிய மண்ணில் அது வெண்ணெயாக ஓடும். மலர் நிலத்திலோ மண்ணுக்குள் அத்தனையும் பழைய செம்பனை வேரும் நாரும். சீப்பில் சிக்கின முடிபோல ஒவ்வொரு கொழுவிலும் ஒரு கட்டு நார் சுற்றிக்கொண்டிருந்தது. கீறல் விழாமல் விதையெல்லாம் மண்மேல் கொட்டிப் புறாவுக்குப் போய்விட்டது.

"இழுக்குற கொழு இங்க ஆவாது. உருளுற கொழு வேணும். வட்டத் தகடு. நாரை அறுத்துக்கிட்டே போவணும்."

"உன்னால முடியுமாண்ணே?"

"என்னையா கேக்கற? சாஆவுல ஓடுற டிராக்டர்ல பாதி என் வெல்டிங்ல தாம்மா ஓடுது!"

"மீதி பாதி?" என்றாள் மலர்.

"அது ஓடலை. நிக்குது."

சுகுமாறன் விழுந்து விழுந்து சிரித்தான். மலர் சிரிக்காமல் கேட்டாள்: "கூலி எவ்வளவு?"

"உங்கிட்ட கூலியா? வேணும்னா அந்த ஆயிரத்து இருநூறுல கழிச்சுக்கோ."

"அதை எதுக்கு இதுல இழுக்கற? மொதல்ல சோளம் மொளைக்கட்டும். மழைக்கு முன்ன ரெண்டு தடவை வெதைக்கத்தான் வெதை இருக்கு. வெதை போச்சுன்னா குத்தகையும் போச்சு, எல்லாம் போச்சு."

அர்ச்சுனன் வேலையில் இறங்கினால் சாப்பாடு மறந்துபோகும். மரம் அறுக்கும் ஆலை ஒன்றிலிருந்து தேய்ந்துபோன வட்ட ரம்பங்களை வாங்கிவந்தார். ரம்ப இரும்பு மாதிரிக் கெட்டி வேறு எதிலும் கிடையாது. பல்லையெல்லாம் அரைத்துத் தள்ளி விளிம்பைக் கத்தியாகத் தீட்டினார். இரண்டிரண்டு தகடாகச் சேர்த்து, முன்பக்கம் முட்டி பின்பக்கம் விரியும்படி, கும்பிட வந்த கை பாதியில் நின்ற மாதிரிச் சாய்த்து வைத்தார். தகடுகள் மண்ணை அறுத்து விரித்துக்கொண்டே போகும், விரிந்த இடத்தில் விதை விழும். அது நல்ல யோசனை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்து அவர் செய்ததுதான் பிசகு. வாழ்நாள் முழுக்கக் குலை ஏற்றும் டிரெய்லருக்கு வெல்டிங் அடித்த கை அது. டிரெய்லரில் ஆடுகிற எதுவும் உடையும், அசையாமல் நிற்பதுதான் நிலைக்கும். அந்தப் பழக்கத்தில் நான்கு கொழுவையும் கனத்த இரும்பில் உட்காரவைத்து, அசையவே முடியாதபடி சுற்றிச் சுற்றி வெல்டிங் போட்டுவிட்டார்.

"யானை ஏறி மிதிச்சாலும் ஆடாது!" என்று தட்டிக் காட்டினார்.

"அக்கா, அப்ப யானையும் ஒண்ணு வாடகைக்குப் புடிச்சுருவோம்" என்றான் சுகுமாறன்.

விதைத்த அன்று பார்க்க அழகாக இருந்தது. நார் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அன்று முழுக்கத் தேத்தண்ணிக் கடையில் அர்ச்சுனன் கொடிதான் பறந்தது. முளைக்க வேண்டிய நாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. நிலம் மொட்டையாகவே கிடந்தது. கெட்டித் தரை உள்ள இடங்களில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை தலைகாட்டியது.

மலர் மண்டி போட்டு விரலால் தோண்டினாள். பக்கத்தில் அர்ச்சுனனும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மண்ணுக்குள்ளேயே முளை கிடந்தது. மேலே வரத் தெம்பில்லாமல் மஞ்சளாகிச் சுருண்டு, நத்தை ஓடு மாதிரி. இன்னொரு இடம், அங்கேயும் அப்படித்தான். மண் மிருதுவான இடத்திலெல்லாம் அவருடைய யானைக் கனம் கொழுவைக் கீழே அமுக்கிவிட்டிருந்தது.

மலர் அந்த முளையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வாண்ணே, பசியாறிட்டுப் போலாம். காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்புடல."

அவள் நாலு வசவு வைதிருந்தால் பொறுத்திருப்பார். இட்டிலியைத் தட்டில் வைத்து, சட்னியை ஊற்றி, "இன்னொண்ணு வைக்கட்டா?" என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவர் மாடி ஏறவில்லை. பட்டறையிலேயே ஸ்டூலைப் போட்டு மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ராஜம்மா தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள்.

"என்னங்க, கீழ வுழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்ற ஆளு, இன்னிக்கு மூஞ்செல்லாம் மண்ணா வந்திருக்கீங்க?"

"அவ புருஷன் காசு ராஜம்மா. வெதையில பாதி என்னால போச்சு."

"பாதிதானே போச்சு? மீதி பாதி இருக்கில்ல?" கோப்பையை அவர் கையில் வைத்தாள். "மழைக்கு முன்ன செஞ்சு குடுங்க. உக்காந்திருந்தா மொளைக்குமா?"

கோப்பை காலியாகும் நேரத்தில் வெளியே ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள், பின்னால் அரிசி மூட்டையோடு, சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்சக்கரம் மேலே போனது, ஸ்பிரிங் அமுங்கியது, மறுபடி சக்கரம் தரையைத் தொட்டது. மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அர்ச்சுனன் கோப்பையைக் கீழே வைத்தார்.

தானே போட்ட வெல்டிங்கைத் தானே அறுப்பது சாதாரணக் காரியமில்லை. கல்லு மாதிரிப் போட்டிருந்தார், அறுப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது. கனத்த இரும்பையெல்லாம் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு கொழுவையும் தனித்தனிக் கையில் தொங்கவிட்டு, பழைய கப்சாய்களிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கை மேலே மாட்டினார். வேர்க்கட்டை வந்தால் ஒரு கொழு மட்டும் ஏறி இறங்கும், மற்ற மூன்றும் தன் பாட்டுக்குப் போகும். ஆழம் போகாமல் தடுக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னச் சக்கரம். அந்தச் சக்கரத்தை எந்த உயரத்தில் முடுக்குவது என்ற இடத்தில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மலருக்குப் போன் போட்டார்.

அவள் வந்ததும், "எவ்வளவு ஆழம்னு நீ சொல்லு" என்றார்.

மலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அலமாக்! அண்ணே, ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

"சொல்லும்மா."

தகட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து இரண்டாவது கணு வரைக்கும் அளந்து காட்டினாள். அந்த விரலுக்கு நேராக அவர் திருகாணியை முடுக்கினார்.

மீதி விதை உள்ளே போன அன்று அவர் தேத்தண்ணிக் கடைப்பக்கமே போகவில்லை. மலர் கூப்பிட்டு, "வந்து பாரு" என்று சொன்ன காலையில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வரப்பில் ஏறி நின்றார். செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே, நூல் பிடித்த மாதிரி, நான்கு நான்கு வரியாகப் பச்சை. விரல் நீளச் சோள முளை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும்.

அர்ச்சுனன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

சுகுமாறன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "அண்ணே, எனக்கும் ஒரு மெஷினு இதே மாதிரி செஞ்சு குடுங்க. உங்க தெறமைக்கு ஆளே கெடையாது. ஒருத்தன் தயவு இல்லாம தனியாளா நின்னு வந்தவருன்னா சும்மாவா!"

வழக்கமாக இங்கே அர்ச்சுனன் நெஞ்சை நிமிர்த்துவார். இன்றைக்கும் நிமிர்த்தினார்.

"தனியாளா? யாருடா சொன்னா?" சுகுமாறன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "இங்க நிக்கறாளே என் தங்கச்சி, இவ யாருன்னு தெரியுமா ஒனக்கு? பத்தொம்பது வயசுல தன் கல்யாணக் காசைத் தூக்கி எனக்கு வெல்டிங் செட்டு வாங்கிக் குடுத்தவடா! இந்த ஊர்ல எவனுக்குடா இப்படி ஒரு தங்கச்சி? காட்டு பாப்போம்! என் பட்டறையில மொதல் போட்டது இவ காசு. போய்க் கடையில சொல்லு, அர்ச்சுனன் சொன்னான்னு சொல்லு!"

சுகுமாறன் தோளைத் தடவிக்கொண்டே மலரைப் பார்த்தான். மலர் செம்பனைக் கன்றின் பக்கம் முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனுக்கு நேரே திரும்பினாள். மண் ஒட்டிய வலது கையை விரித்து நீட்டினாள்.

"கொண்டா."

"என்னது?"

"ஆயிரத்து இருநூறு."

"போன வெதைக்கும் சேத்து..."

"அது கொழு செஞ்ச கூலிக்குச் சரியாப் போச்சு. நீ கடனை எண்ணு. சத்தமா எண்ணு."

அர்ச்சுனன் கால்சட்டைப் பையில் கைவிட்டு, பட்டறை வசூல் கட்டை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஐம்பது வெள்ளி நோட்டை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைக்கத் தொடங்கினார். "அம்பது... நூறு... நூத்தம்பது..." மலர் உதடு அசைய அவருடன் கூடவே எண்ணினாள். நடுவில் ஒரு தடவை, "இருண்ணே, ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று அவளே பிரித்துக் கொடுத்தாள். "ஆயிரத்து நூறு... ஆயிரத்து நூத்தம்பது..." கடைசி நோட்டை வைத்து, அவள் உள்ளங்கையில் இரண்டு விரலால் அழுத்தினார்.

"ஆயிரத்து இருநூறு."