கொழும்பில் நனைந்த பிரம்பு

நானும் உங்கள் அம்மாவும் கொழும்பைப் பார்த்தது ஒரே ஒரு பகல்தான். அதிலும் பாதி நேரம் ஒருவரோடொருவர் பேசாமலே பார்த்தோம்.

கல்யாணமான மறுவருஷம், ஐம்பதுகளின் தொடக்கம். சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடித்துக்கொண்டிருந்த எனக்குப் பினாங்கில் ஓர் அச்சாபீசில் வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் உங்கள் அம்மாவிடம் கேட்காமலே சரி என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவர்கள் அனுப்பிய டிக்கெட்படி பம்பாய் போய்க் கப்பல் ஏறிய பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றதும் தன் சேலைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் இங்கனயே எறங்கிக்கிறேன். சாயங்காலம் அண்ணன் வாராருல்ல, அவருட்டச் சொல்லி ரயிலும் படகுமா ஏறி ஆமத்தூருக்கு, எங்க ஆத்தா வீட்டுக்கே போயிருவேன். நீங்க பினாங்கு போயி நல்லா இருங்க."

அவளுடைய பெரியப்பா மகன் அப்போது கொழும்பில் கடை வைத்திருந்தார். எங்களைப் பார்க்க வரச் சொல்லி அவருக்கு எழுதியதும் நான்தான்.

கப்பல் இரவில்தான் கிளம்பும், அதுவரை இறங்கி ஊர் சுற்றலாம் என்றார்கள். "போறதுதான் போற, ஊரையாவது பாத்துட்டுப் போ" என்றேன். நாலு நல்ல இடத்தைக் காட்டினால் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன்.

முதலில் டிராம் வண்டியில் ஏற்றினேன். மேலே கம்பியில் பொறி பறந்ததைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள் அல்லவா?

"நெருப்பு பறக்குது, எல்லாரும் சாஞ்சு உக்காந்திருக்காக! எறங்குங்க மொதல்ல."

காலிமுகத்திடலில் கடற்கரைப் புல்வெளியைக் காட்டினேன். "இம்புட்டு நாளும் கப்பல்ல இதத்தான பாத்தோம்?" என்றாள். மியூசியத்தில் பழைய ராஜா ஒருவருடைய சிம்மாசனம் இருந்தது. அதைச் சுற்றி வந்துவிட்டு, "இதுல சாஞ்சா முதுகு வலிக்கும்" என்றாள்.

வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒனக்கு என்னதான் புள்ள பிடிக்கல?"

"எட்டு வயசுலருந்து என் கை சும்மா இருந்ததில்ல. அங்கன நீங்க அச்சாபீசுக்குப் போயிருவீக. நான் சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா? பட்டாசு ஆலை இருக்கா அங்கன?"

"இல்ல."

"தீப்பெட்டி ஆபீசு?"

"தெரியல."

"தெரியாமத்தான் சரின்னு எழுதுனீகளாக்கும்."

வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தேன். துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பி நடந்தோம். வழியில் வானம் திடீரென்று கறுத்தது. ஒரு கடையின் முற்றம் முழுக்கப் பிரம்பும், சீவிய பிரம்பு நாரும் பரப்பிக் கிடந்தன. பக்கத்தில் ஆள் இல்லை.

நம் ஊர்ப் பக்கம் மழை கறுத்தால் எப்படி ஓடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். காயப்போட்ட பட்டாசுச் சரக்கு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூட ஓடிவந்து ஒரு தட்டைத் தூக்குவார். அந்தப் பழக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஓடினோம். அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு நாரை வாரினாள். நான் பிரம்பைக் கட்டுக்கட்டாகத் தூக்கித் தாழ்வாரத்தில் அடுக்கினேன். முதல் தூறல் விழும்போது முற்றம் காலி. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தேன்.

கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். சிங்களவர், ஓரளவு தமிழ் பேசினார்.

"ஐயோ! யார் சொன்னது உள்ளே வைக்க?"

"மழை வருதுங்களே."

"மழை வருது என்றுதானே வெளியே போட்டது! நனையாமல் பிரம்பு வளையுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீங்கதான மொதல்ல ஓடுனீக!"

"நீதான என்னையத் தாண்டி ஓடுன!"

கடைக்காரரும் அவர் மனைவியும் நாங்களும் கொட்டுகிற மழையில் எல்லாவற்றையும் மறுபடி வெளியே பரப்பினோம். "மழைக்குச் சரக்க வெளிய எடுத்துப் போடுறது என் ஆயுசுல இதான் மொதத் தடவ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் அம்மா. பினாங்கு வேலைக்குச் சரி என்று எழுதிய நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு அது.

உள்ளே பால் இல்லாத தேநீரும் கடித்துக்கொள்ள வெல்லத் துண்டும் கொடுத்தார்கள். கடைக்காரரின் மனைவி பாதி பின்னிய நாற்காலி முன் உட்கார்ந்தார். அம்மாவின் கண் அந்த விரல்களைவிட்டு அகலவில்லை. கொஞ்ச நேரத்தில் தானும் தரையில் உட்கார்ந்து ஒரு நாரை எடுத்தாள். சரவெடித் திரி பின்னிய கைதான், ஆனால் இது வேறு பின்னல். கடைக்காரர் மனைவி தலையை ஆட்டிவிட்டுப் பிரித்துப் போட்டார். அம்மா மறுபடி பின்னினாள். மறுபடியும் பிரித்தார். மூன்றாம் முறை பிரிக்காமல் ஏதோ சிங்களத்தில் சொன்னார்.

"நாளைக்கும் வருவாளா என்று கேட்கிறாள்" என்றார் கடைக்காரர்.

அம்மா என் பக்கம் திரும்பாமல் அவரிடமே கேட்டாள். "பினாங்குல பிரம்பு கெடைக்குமாய்யா?"

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "என் நல்ல பிரம்பெல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் கப்பலில் வருது!"

அம்மா நாரைத் தண்ணீரில் தொட்டு அடுத்த வரிசையைத் தொடங்கினாள். நான் அவள் முடிவைக் கேட்கப் பயந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

படகுத்துறைக்கு நாங்கள் போனபோது அண்ணன் குடையோடு நின்றிருந்தார். "என்னம்மா, இப்பிடி நனைஞ்சிருக்க? மாப்பிள்ளை, ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. துணிய மாத்திட்டு ஒருவாய் சாப்பிட்டுப் போகலாம்."

அம்மா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"வேண்டாண்ணே. வீட்டுக்கு வந்தா அப்புறம் கெளம்ப மனசு வராது. பினாங்குல எறங்குனதும் கடுதாசி போடுறோம்னு ஊருக்கு எழுதிருங்க."

கப்பலுக்குப் போகும் படகில் ஒரு காலை வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே எதுக்குன்னாலும் என்னையக் கேட்டுட்டுச் சரின்னு சொல்லுங்க."

"சரி" என்றேன். பையை நான் வாங்கிக்கொள்ள, படகு நகர்ந்தது.