காயாத துணியும் கந்தப்பனும்

பெரட்டுக் களத்துக்குக் கீழே பாதை திரும்பும் இடத்தில் நின்று கந்தப்பன் தேத்தண்ணி குடிக்கிறார். காலை ஆறு மணி. வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் லயத்து வீடுகளிலிருந்து ஏறி வருகிறார்கள். வணக்கம் சொல்கிறவர்களுக்கெல்லாம் தலையை அசைக்கிறார், ஆனால் அவர் கண் முகத்தில் இல்லை, காலில் இருக்கிறது. ஒருவர் வலது முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறார். இன்னொருவருக்கு இடுப்புப் பிடிப்பு. அடுத்து வருகிற பெரியவர் கால்களைச் சற்றே அகட்டி, தொடையோடு தொடை உரசாமல் எட்டு வைக்கிறார். கந்தப்பன் குவளையை மதகின் மேல் வைக்கிறார்.

"மாமா, ஒங்க பேரனுக்கு இருமல் மருந்து கலந்து வச்சிருக்கேன். சாயங்காலம் நீங்களே வந்து வாங்கிக்கிட்டுப் போயிருங்க."

பேரனுக்கு இருமல் இல்லை. அது பெரியவருக்கும் தெரியும். ஒரு கணம் தரையைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்று மேலே நடக்கிறார். சாயங்காலம் கட்டாயம் வருவார்.

லிந்துலைக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் டிஸ்பென்சரி கந்தப்பன் கையில். நாற்பத்தைந்து வயது. குள்ளமான ஆள். சட்டையைத் துவைத்தாலும் களிம்பு வாசனை போவதில்லை. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கொடுப்பது அவருக்கு உத்தியோகம். தொடையிடுக்குப் படர்தாமரை மட்டும் சொந்தப் பகை.

வைகாசியில் பிடிக்கிற மழை ஆவணி வரை விடாத மலை இது. தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்கும் கவ்வாத்துக்காரர்கள் நாள் முழுக்க நனைந்த காக்கிக் கால்சட்டையோடு நிற்கிறார்கள். அவிழ்த்துப் போட்டது மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கிறது. அதையே திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் ஒரு காசளவு சிவப்பு, பிறகு ஓரம் தடித்து, வட்டம் விரிந்து, தொடைகள் இரண்டிலும் படர்கிறது. "வெளிய சொல்ல முடியாத எடத்துல வந்து ஒக்காந்துக்குது. அதான் அதுக்குப் பலம்" என்பார் கந்தப்பன்.

வருகிறவர் வெட்கப்பட்டால், "எனக்கு ஒங்க மூஞ்சி வேணாங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு வெளிச்சத்துல காட்டுங்க, போதும்" என்பார். மருந்துப் பெட்டியில் இருக்கும் களிம்பு அந்த இடத்தில் எரியும் என்று, சரிபாதி வாசலின் சேர்த்துக் குழைத்துக் கொடுப்பார். கொடுக்கும்போது கட்டளைகளும் கூடவே வரும். குளித்ததும் துடைத்து உலர்த்திய பிறகுதான் மருந்து. வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் பூச வேண்டும். கோவணமோ கால்சட்டையோ எதுவானாலும் கொதிநீரில் போட்டு எடுத்து, அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காயப்போட வேண்டும். அண்ணன் தம்பியானாலும் துணியை மாற்றிக் கட்டக் கூடாது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் மருந்து, இல்லாவிட்டால் கீழே இருப்பது மேலே ஏறிவிடும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துகிறவர்கள்மேல்தான் அவருக்குக் கோபம். "அது போகலைங்க. படுத்திருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பூசுங்க."

வீட்டிலும் இதே கதைதான். வெளியே போய்விட்டு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து பத்துக் கால்விரல் இடுக்கையும் பழைய துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். "இவரு தொடச்சு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும்" என்பாள் அவருடைய மனைவி காளியாயி.

இத்தனை பேசுகிறவர், யாருக்கு என்ன நோய் என்பதை மட்டும் காளியாயியிடம்கூடச் சொன்னதில்லை. போன வருஷ ஆனியில் அந்த வழக்கமே அவரைச் சோதித்தது.

கவ்வாத்துக்காரன் சிவசாமிக்கு அப்போது இருபத்துநாலு வயது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் இருக்கும் சின்னத்தம்பியின் மகள் மீனம்மாவுக்கும் அவனுக்கும் பரிசம் போட்டாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். ஒரு நாள் இருட்டும் நேரம், டிஸ்பென்சரியின் பின்பக்கத்துக் கதவை அவன் தட்டினான். உள்ளே வந்தவனால் உட்கார முடியவில்லை. இரண்டு மாதமாக மறைத்து வைத்திருக்கிறான். நுவரெலியாச் சந்தையில் எவனோ விற்ற மருந்தை வாங்கிப் பூசி, தோல் வெந்து உரிந்திருந்தது.

கந்தப்பன் வெந்நீரில் உப்புப் போட்டு, ஆறவைத்து, துணியை நனைத்து ஒற்றி எடுத்தார். சிவசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, இது அந்தச் சீக்குங்களா?"

"எந்தச் சீக்கு?"

"டவுனுக்குப் போனா வருமே. நான் அப்பிடியெல்லாம் போனதில்லண்ணே. சாமி சத்தியமா. ஆனா வந்திருச்சே."

"இது ஈரம் பண்ற வேல, தம்பி. நீ எங்கயும் போக வேணாம், அதுவா வரும். மொதல்ல இந்தப் புண்ணு ஆறட்டும், தேங்கா எண்ண மட்டும் தடவு. அப்புறம் களிம்பு தர்றேன். கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்குல்ல? தாராளம்."

அவன் அழுதான். கந்தப்பன் மருந்துப் புட்டிகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார், அவன் முடிக்கும் வரை.

பின்கதவு வழியாக அவன் வெளியேறியதைப் பக்கத்து லயத்து ராக்காயி பார்த்துவிட்டாள். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் அவள் சொன்னது, சிவசாமி மறைவாக மருந்து வாங்கினான் என்பது மட்டும்தான். மத்தியானத்துக்குள் அது வளர்ந்துவிட்டது. ஹட்டன் டவுனில் கெட்ட இடத்துக்குப் போய் சீக்கு வாங்கி வந்திருக்கிறான் என்று கீழ்க்கணக்கு முழுக்கப் பேச்சு.

சின்னத்தம்பி டிஸ்பென்சரிக்கு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். பலகையில் உட்காரவும் இல்லை.

"கந்தப்பா, ஒரே ஒரு வார்த்த. அந்தப் பயலுக்குக் கெட்ட சீக்கா, இல்லையா?"

கந்தப்பனுக்கு நாக்கு நுனியில் நின்றது, இல்லை என்ற சொல். அதைச் சொல்லிவிட்டால் இன்றைக்கு ஒரு கல்யாணம் நிற்காது. ஆனால் நாளைக்கு வேறொருவன் அப்பன் வந்து இதே கேள்வியைக் கேட்பான். அப்போது வாய் திறக்காவிட்டால் அதற்கு ஆமாம் என்று அர்த்தமாகிவிடும். பிறகு எவன் இந்தப் படியேறுவான்? சந்தையில் விற்கிற திராவகத்துக்குத்தான் போவான்.

"நான் யாரப் பத்தியும் சொல்றதில்லண்ணே. ஒங்களப் பத்தி யாரும் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப சரி" என்றார் சின்னத்தம்பி. அவர் படியிறங்கிய விதத்திலேயே, மௌனத்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது கந்தப்பனுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பரிசத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் செய்தி வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கந்தப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காளியாயி எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொல்லுங்க."

"அடுத்தவன் சங்கதிய நான் பேசக் கூடாது. என் சங்கதியப் பேசலாம். ஆனா அதுல நீயும் வர்ற."

அவளுக்கு உடனே புரிந்தது. "பேசுங்க. எம்பேரையும் சேத்தே சொல்லுங்க" என்றாள்.

ஞாயிறு காலை சின்னத்தம்பி வீட்டு இஸ்தோப்பில் பதினைந்து பேர் இருந்தார்கள். வீட்டின் ஒரே அறையான காம்பராவுக்கு முன்னால் இருக்கும் சின்ன இடம், நெருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் சிவசாமி, தலை நிமிரவில்லை. பரிசத் தட்டு நடுவில் இருந்தது. கூப்பிடாமலே வந்து நின்ற கந்தப்பனைப் பார்த்து எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நான் யாரப் பத்தியும் பேச வரல" என்றார். "என்னப் பத்திச் சொல்லிட்டுப் போயிடுறேன். எனக்குக் கல்யாணமாகி முத மழைக்காலம். அப்ப நானும் கவ்வாத்துதான். தொடையிடுக்குல அரிப்பு வந்துச்சு. கெட்ட சீக்குன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. காளியாயிக்கு ஒட்டிக்குமோன்னு பயந்து நாலு மாசம் தள்ளியே படுத்தேன். தன்னப் பிடிக்கலன்னு நெனச்சு அவ தலவாக்கலைக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. நான் என்ன பண்ணுனேன்? திராவகத்த எடுத்து நானே ஊத்திக்கிட்டேன்."

கட்டியிருந்த சாரத்தை மடித்து உயர்த்தி, தொடையின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிப் பளபளத்த தழும்பு.

"அப்பறம் ஒரு டாக்டர்தான் சொன்னாரு, இது வெறும் படர்தாமரன்னு. ஈரத்துணியக் கட்டுனா வர்றது. ஒழுக்கத்துக்கும் இதுக்கும் ஒண்ணும் கெடையாது. இன்னைக்கு இந்தத் தோட்டத்துக் கவ்வாத்து ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இது இருக்கு. யாரு யாருன்னு சொல்ல மாட்டேன்."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சின்னத்தம்பியின் அண்ணன் பழனியாண்டி, கவ்வாத்திலேயே நரைத்தவர், உட்கார்ந்தபடியே காலை மாற்றிப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அது ஒட்டுமா?" சின்னத்தம்பிதான் கேட்டார்.

"துணிய மாத்திக் கட்டுனா ஒட்டும். மருந்த விடாமப் பூசுனா ஒரு மாசத்துல போயிரும். போனப்புறம் யாருக்கும் ஒட்டாது."

அப்போது காம்பராவின் உள்ளிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து, மீனம்மாவின் குரல் வந்தது. மெதுவாக, ஆனால் தடுமாற்றம் இல்லாமல்.

"அந்தத் துணிகளத் தனியாத்தான் கொதிக்க வைக்கணுங்களா? இல்ல, மத்த துணியோடயே போடலாங்களா?"

"தனியாப் போடும்மா" என்றார் கந்தப்பன்.

சின்னத்தம்பி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, பரிசத் தட்டைத் தன் பக்கமாக இழுத்து, சுவரோரம் நகர்த்தி வைத்தார். யாரோ தேத்தண்ணி போடச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை டிஸ்பென்சரி முன்வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். முதல் ஆள் பழனியாண்டி. ராக்காயி தன் புருஷனைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். வியாழக்கிழமைக்குள் களிம்பு தீர்ந்து, நானுஓயாவுக்கு ரயிலில் அடுத்த மருந்துப் பெட்டி வரும் வரை கந்தப்பன் எல்லோரிடமும், "மருந்து வர்ற வரைக்கும் காய வச்சாவது கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சிவசாமிக்கு ஆடிக் கடைசியில் தோல் தெளிந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் பூச வைத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் லிந்துலையில் சரிபுதீன் கடைக்குப் போய், நல்ல பருத்தித் துணி வாங்கி வந்தார். "மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்காம இது என்னங்க?" என்றாள் காளியாயி. "வேட்டி எல்லாரும் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தினம் காய்ந்ததாக உள்ளே கட்டுவதற்கென்று துணியை ஆறு துண்டாகக் கிழித்து, ஓரம் மடித்து அவரே தைத்தார். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. புதுத்துணிகூட அந்தக் காற்றில் சில்லென்று ஆகிவிடும். அடுப்படியில் குந்தி, ஒவ்வொரு துண்டாக அனலில் பிடித்துத் திருப்பினார். ஐந்தை மடித்து வைத்தாயிற்று. ஆறாவதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறுபடி அனலுக்கு நீட்டினார்.