சகலையின் டிரெய்லரில் எருமப்பட்டிக்கு

கொதித்துக்கொண்டிருந்த சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இல்லை என்று பொய் சொன்னேன். பொறாமைதான் காரணம். எழுபத்து மூன்று வயதில், அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இந்தப் பயணத்தை எழுதுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் மளிகை மண்டி முன்னால் ஒரு ஜீப்பும் அதன் பின்னால் பூட்டிய டிரெய்லரும் நின்றன. ஓட்டி வந்தவர் என் மனைவி சரோஜாவின் தங்கை கணவர் பொன்னுசாமி. நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டியவர். பட்டறையை மகனிடம் விட்டபின், காடு மேடெல்லாம் ஏறி இறங்கும்படி இந்தச் சின்ன டிரெய்லரைத் தன் கையாலேயே செய்திருந்தார். இரண்டு சக்கரம், அடியில் குலுக்கலைத் தாங்கும் லாரிப் பட்டை, பின்கதவைத் திறந்தால் அடுப்பும் தண்ணீர்க் குழாயும், மேலே மடக்கி விரிக்கும் கூடாரம்.

நான் நாற்பது ஆண்டுகளாக ஊர் சுற்றி எழுதுபவன். கல்லூரியில் புவியியல் நடத்தியபோதும் விடுமுறையெல்லாம் பயணம்தான். சரோஜா ஒருமுறைகூட உடன் வந்ததில்லை. "கண்ட எடத்துல படுக்க என்னால ஆகாது" என்பாள். பொன்னுசாமி ஒரு போன் போட்டதும் அவள் பை கட்டிவிட்டாள்.

பனமரத்துப்பட்டி ஏரி சேலத்திலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். கரையோரத்து மேட்டை அடைய, அச்சு முழுகும் ஆழத்துக்குச் சேற்றுத் தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றினார் பொன்னுசாமி. அடுப்பை வெளியே இழுத்ததும் கூட்டம் கூடிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இத வாடகைக்கு உடுவீங்களா? ஊட்ல சண்டைன்னா நான் வந்து படுத்துக்குவேன்."

"உங்க ஊட்டம்மாளும் இதையேதான் கேட்டுட்டுப் போனாங்க" என்றார் பொன்னுசாமி.

சரோஜா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் எந்தக் கட்டுரைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அக்காவும் தங்கையும் மேலே கூடாரத்தில் படுத்தார்கள். நான் கீழே மடக்குக் கட்டிலில் கிடந்து, அந்த டிரெய்லரில் ஏதாவது ஒரு குறை தென்படாதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நாமக்கல்லைத் தாண்டி எருமப்பட்டியில், சரோஜாவின் சித்தப்பா மகனின் வெங்காயக் காட்டில் தங்குவதாகத் திட்டம். லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி எங்கே நின்றாலும், டீக்குப் போகும் முன் ஒரு சுற்று வந்து டயரைத் தட்டி, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பு இருந்தால் சரி. கை வைக்க முடியாவிட்டால் உள்ளே பேரிங் தேய்கிறது என்று பொருள்.

"தண்ணில எறக்குன வண்டிங்ணா" என்றார் பொன்னுசாமி. "எருமப்பட்டி போனதும் ஹப்பக் கழட்டிப் புதுசா கிரீஸ் வெச்சர்றேன். அதுவரைக்கும் எடப்பக்கம் நீங்க பாருங்க, வலப்பக்கம் நான்."

ராசிபுரத்தில் நிறுத்தினோம். டீ பதினைந்து ரூபாய். இடது ஹப்பில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

"ஏனுங்ண்ணா, அந்தப் பக்கம் எப்படி?"

"நல்லாத்தான் இருக்குது."

சரோஜா பார்க்க அந்த வண்டி எங்காவது நின்றுபோக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதில் நான்கு உயிர்கள் போகின்றன என்று யோசிக்கவில்லை. நாமக்கல்லில் மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன்.

நாமக்கல் தாண்டிப் பத்து கிலோமீட்டர் போயிருப்போம். கிறீச்சென்ற சத்தம், புகை, பிறகு இடது சக்கரம் சாய்ந்து டிரெய்லர் ரோட்டோரத்தில் உட்கார்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"ஊருக்கெல்லாம் லாரி கட்டுனவரு" என்றாள் அவர் மனைவி வசந்தா. "ரெண்டு சக்கரத்தக் காப்பாத்தத் தெரியல."

பொன்னுசாமி சாய்ந்த சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பயணம் அதோடு நின்றது. டிரெய்லரைப் பட்டறைக்கு இழுத்துப் போய் மகன் புது பேரிங் போட்டுக் கொடுத்தும் பொன்னுசாமி வண்டியை எடுக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். "'என்ற கைக்கு வயசாயிருச்சு'ங்கறாராம். பட்டறைப் பக்கமே போறதில்லையாம்" என்று சரோஜா சொன்னபோதுதான், நான் உடைத்தது சக்கரத்தை மட்டுமல்ல என்று உறைத்தது.

பங்குனியில் பஸ் ஏறி நாமக்கல் போனேன்.

"பொன்னு, ராசிபுரத்துலயே சூடு. கை வைக்க முடியல. தெரிஞ்சேதான் சொல்லல."

"எதுக்குங்ண்ணா?"

"சரோஜா என்கூட வந்ததே இல்ல. உங்க வண்டின்னதும் வந்துட்டா."

தார்ப்பாய் போட்ட வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நாமக்கல்லுல?"

"இன்னும் சூடு."

"அப்பத் தண்ணிதான் உள்ள போயிருக்குது. நான் வெச்ச கிரீஸ்ல தப்பில்ல." எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்தார். "ரெண்டு மாசமா எனக்குப் புத்தி பெசகிப்போச்சோன்னு தூங்கலீங்ணா."

கூடாரம் ஈரத்தோடு மடித்தபடியே கிடந்து பூஞ்சை பிடித்திருந்தது. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் விரித்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

சொன்னேன். சரோஜா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சித்திரையில் டிரெய்லர் மறுபடி மளிகை மண்டி முன்னால் வந்து நின்றது. நானும் பையோடு போனேன். "மூணு பேருக்குத்தானுங்ணா எடம்" என்றார் பொன்னுசாமி, என்னைப் பார்க்காமல். நான்கு பேர் போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். சரோஜா ஏறித் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை எருமப்பட்டியிலிருந்து போன் செய்தாள். வந்து சேர்ந்துவிட்டோம், ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. போனை அணைக்க மறந்து எங்கோ வைத்துவிட்டாள் போலும். கரண்டிச் சத்தம் கேட்டது. காற்று கேட்டது.

"அந்த மலைக்கு அந்தாண்ட என்ன ஊரு தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"தெரியலீங்க்கா" என்றார் பொன்னுசாமி.

தம்மம்பட்டி. எனக்குத் தெரியும், நடந்தே போயிருக்கிறேன். சொல்ல வாயெடுத்து, பேசாமல் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.