மைக் கூவிய கச்சேரி

எங்கள் மாமாவுக்கும் அமைதிக்கும் ஏழாம் பொருத்தம். அம்மாவின் தம்பியான அவர் கனகராயன்குளத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். சாமத்தியவீடோ செத்தவீடோ, மாமா பாட்டுப் போட்டால் அடுத்த ஊர் மாடும் எழும்பி நிற்கும். அப்போதுதான் தொழிலைத் தொடங்கியிருந்தார். என்றைக்காவது வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒரேயொரு ஒலிபெருக்கிக் குழாயாவது கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு முதலில் பெரிய இடமொன்றில் பெயரெடுக்க வேண்டும்.

அந்தப் பெரிய இடம் கிளிநொச்சியில் கிடைத்தது. கொழும்பிலிருந்து ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழு வருகிறது, ஒலியும் ஒளியும் உம்முடைய பொறுப்பு என்று மண்டபப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். ஐம்பது பேர் என்றதும் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாதஸ்வரக்காரருக்கே ஒரு மைக் வேண்டும், ஐம்பது பேருக்கு என்ன செய்வது? ஓமந்தைச் சிநேகிதரிடமும் இரவல் வாங்கி, பட்டா என்கிற சின்ன லொறி முட்ட ஸ்பீக்கர் பொக்ஸ்களை அடுக்கிக்கொண்டு புறப்பட்டார். அம்மாவும் நானும் முன்னால் நெருக்கியடித்து ஏறிக்கொண்டோம். எனக்கு எட்டு வயது, சண்டை முடிந்தபோது நான் கைக்குழந்தை.

குழுவை நடத்துகிறவர் ஒரு பெண்மணி. மாமா இறக்கிவைத்த பொக்ஸ்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொறுப்பாளரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பொறுப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். இவர்கள் மைக் பாவிக்க மாட்டார்களாம். வாத்தியத்தின் சத்தமே மண்டபத்துக்குப் போதுமாம்.

மாமாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். மைக் இல்லாமல் ஒரு கச்சேரியா, கடைசி வரிசைச் சனம் என்னத்தைக் கேட்கும் என்று அம்மாவிடம் புறுபுறுத்தார். அம்மா ஆறுதல் சொல்லுகிற ஆள் இல்லை.

"லைற்றையாவது ஒழுங்காப் பாரடா தம்பி. அதையும் குழப்பினியெண்டால் பேந்து உன்னை ஒருத்தரும் கூப்பிடாயினம்."

மாமா மைக் எல்லாவற்றையும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டியைத் திரும்பவும் பட்டாவில் ஏற்றிவிட்டு, சாவியை என் கையில் தந்து பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். பெரிய பொறுப்பு. கை வியர்க்க வியர்க்க அதைப் பொத்திப் பிடித்திருந்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கச்சேரி. மேடை வெளிச்சம் எடுப்பாகத் தெரிவதற்காக மாமா யன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார். சுவிச்சுப் பலகைக்குப் பக்கத்தில் அவர் நிற்க, கடைசி வரிசையில் நாங்கள் இருந்தோம். முதலில் இந்த வருடம் எழுதிய புது இசை, பிறகு இருநூறு வருடத்துப் பழைய இசை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள் என்று அந்தப் பெண்மணி சொன்னதைப் பொறுப்பாளர் தமிழில் சொன்னார். சனம் பிரசங்கம் கேட்பதுபோலத் தலையாட்டியது.

புது இசை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் வயலினைச் சுரண்டினார், ஒருவர் குழலுக்குள் வெறும் மூச்சை ஊதினார். எனக்கு முன்னாலிருந்த ஐயா, இவர்கள் இன்னும் சுருதி கூட்டி முடிக்கவில்லையோ என்று பக்கத்தில் கேட்டார். அப்போது வயலின்கள் எல்லாம் சேர்ந்து மெல்லிசாகக் கூவத் தொடங்கின. எங்கேயோ உயரத்தில் தொடங்கிய கூவல், கீழே கீழே இறங்கி எங்களை நோக்கி வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

படக்கென்று விளக்கெல்லாம் அணைந்தது. அதே நேரம் மேடையில் பெரிய மேளம் ஒன்று இடித்தது. அம்மா என்னைக் கதிரையிலிருந்து இழுத்து நிலத்தில் போட்டு மேலே கவிழ்ந்துகொண்டார்.

ஒரே இருட்டு. வாத்தியங்கள் நின்றுவிட்டன. ஒருவரும் சத்தம் போடவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். அம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மாமாவை நினைத்துத்தான் பயம். லைற்றையும் குழப்பிவிட்டாரே, இனி வற்றாப்பளை போயிற்றே.

புது இசையைக் கடதாசியைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், இருட்டில் முடியாது. பழையது அவர்களுக்கு மனப்பாடம் போலும். ஒரு வயலின் தனியாகத் தொடங்கியது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். நித்திரையாக்குகிற மாதிரி அப்படியொரு மெட்டு. அம்மாவின் பாரம் கொஞ்சங் கொஞ்சமாக என் முதுகிலிருந்து இறங்கியது.

விளக்கு வந்தபோது மண்டபத்தில் பாதிச் சனம் நிலத்திலிருந்து எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது. என்னம்மா என்று கேட்டேன். தோட்டுச் சுரை கழன்று விழுந்துவிட்டது, தேடினேன் என்றார். எங்கள் அம்மாவின் சுரையைத் தேட இத்தனை பேர் குனிந்திருக்கிறார்களே, என்ன நல்ல சனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொறுப்பாளர் ஓடிவந்தார். மாமாவின் கை இன்னும் சுவிச்சில்தான் இருந்தது. முகத்தில் வியர்வை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மைக் கூவினமாதிரிக் கிடந்தது, சேர். அதான் பழக்கத்தில நிப்பாட்டிப் போட்டன்," என்றார் மாமா.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முதல் கேட்டதில்லை, அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமாவை ஒருவரும் ஏசவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பொறுப்பாளர் மேடைக்குப் போய் அந்தப் பெண்மணியின் காதில் ஏதோ நெடுநேரம் சொன்னார். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய மேளத்தை மேடையின் முன்னுக்கு உருட்டிவரச் செய்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு அடிக்கவிட்டார். நானும் போய் இரண்டு அடி அடித்தேன். தாய்மார் எட்டி எட்டிப் பார்த்தார்கள். புது இசையைத் திரும்ப வாசிக்கலாமா என்று கேட்டுவிட்டு, இம்முறை மண்டபத்து விளக்குகள் அத்தனையையும் போடச் சொல்லி, முதலிலிருந்து வாசித்தார்கள். கூவல் இறங்கி வந்தபோது அம்மா என் கையைப் பிடித்திருந்தார், ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது.

அடுத்த வருடமும் பொறுப்பாளர் மாமாவைத்தான் கூப்பிட்டார். பிறகு வற்றாப்பளையிலும் மாமா குழாய் கட்டினார், ஒன்றல்ல, ஆறு. மைக் கூவிய கதையை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் நடித்துக் காட்டுவேன். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

அன்று திரும்பி வரும்போது மாமா சாவியைக் கேட்டார். ஒரு நிமிடம்கூடக் கீழே வைக்கவில்லை மாமா என்று பெருமையோடு கையை விரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் சாவியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. மைக் எல்லாம் அந்தப் பெட்டிக்குள், பெட்டி வெளியே பட்டாவுக்குள், சாவி முழுநேரமும் என் கைக்குள். அப்படியானால் கூவிய மைக் எது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.