சூடா குடி, தம்பி

சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது என்று சொல்பவர்கள் உட்லண்ட்ஸில் எங்கள் கிடங்குக்கு வந்ததில்லை. உறைந்த மீனையும் இறாலையும் அடுக்கி வைக்கும் குளிரறை அங்கே இருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் முதுகில் வியர்வை வழியும். அந்தப் பக்கம் மைனஸ் இருபது டிகிரி. நான் இந்தப் பக்கம் மேசையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு போடுகிறவள். அந்தப் பக்கம் பெட்டி தூக்குகிறவர்களில் ஒரே ஒருவன்தான் தமிழ், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. மற்றவர்கள் அவர்கள் மொழியில் பேசிச் சிரித்துக்கொள்வார்கள்.

வந்த புதிதில் நன்றாகத்தான் பேசினான். தை மாதம் கல்யாணம் என்று சொல்லி, கைப்பேசியில் பெண்ணின் படத்தை வெட்கத்தோடு காட்டினான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். எனக்கு வாய் நீளம். பதில் சொல்லாத ஆட்களைக் கண்டால் பொறுக்காது. "என்ன தம்பி, வாயில கொழுக்கட்டையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பேன். உதடு பிரியாமல் சிரித்துவிட்டுப் போவான். சரியான அழுத்தக்காரன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் மனசு கேட்காது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர்கள் வெளியே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வார்கள். கண் இமையில்கூட வெள்ளையாகப் பனி ஒட்டியிருக்கும். காலை இடைவேளைக்கு அவன் வரும் நேரம் பார்த்து, கேன்டீனிலிருந்து ஆவி பறக்கும் தேநீர் வாங்கி வந்து அவன் கையில் திணிப்பேன். "ஆறிடப் போவுது, சூடா குடி லா" என்று சிங்கப்பூர் பாணியில் ஓர் அதட்டல். லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். நான் மேசைக்கு ஓடிவிடுவேன். ஐந்து மாதம் ஒருநாள்கூடத் தவறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டிசம்பரில் ஒருநாள், வெளியே விடாத மழை. இடது கன்னம் வீங்கிப்போய் வேலைக்கு வந்தான்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமயா மூஞ்சி இப்படி இருக்கு? வாயத் தொற."

பல்வலி. மாதக்கணக்காக இருக்கிறதாம். கிராம்புத் தைலத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறான். மருத்துவரிடம் போய் விடுப்பு எடுத்தால் கல்யாண லீவில் கைவைத்துவிடுவார்கள் என்று பயம். மேலாளரிடம் நான் பேசினேன். பேசினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. கல்யாண லீவு கல்யாண லீவுதான் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அன்று மாலையே பிள்ளையை லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே தமிழ் பேசும் பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார்.

அந்த அம்மா பொறுமையாகப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் விரிசல், அதன் வழியே உள்ளே சீழ்.

"குளிர்ல வாயத் தொறந்தாலே கூசுமே, எப்படிப் பேசுனீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார்: "உள்ள இருக்கும்போது மூக்கால மூச்சு விடுங்க. வாய்க்குத் துணி கட்டிக்குங்க. மெதுவான பிரஷ்ல தேய்ங்க. வெளிய வந்ததும் சூடா ஏதாவது குடிப்பீங்களா?"

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல டாக்டர். சும்மா தண்ணிதான்."

"பொய் சொல்றான் டாக்டர். டெய்லி நான்தான் டீ வாங்கிக் குடுக்கறேன். கொதிக்கக் கொதிக்க."

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. விரிசல் முன்பே சின்னதாக இருந்திருக்கும், அதில் தினமும் ஐஸும் நெருப்பும் மாறி மாறிப் பட்டிருக்கிறது என்றார். பிடுங்க வேண்டாம், வேர் சிகிச்சை செய்து உறை போட்டால் பல் பிழைத்துவிடும். ஆனால் இனி வெளியே வந்து பத்து நிமிடமாவது கழித்து, வெதுவெதுப்பாகத்தான் எதையும் குடிக்க வேண்டும்.

தெருவுக்கு வந்ததும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஏன்டா, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என் தலை மறைஞ்சதும் கீழயாவது ஊத்தித் தொலைச்சிருக்கலாம்ல?"

ஊசியில் மரத்துப்போன வாயால் மெதுவாகச் சொன்னான். "சூடா குடின்னு நீங்க குடுக்கறத எப்படிக் கீழ ஊத்துறது? இங்க எங்கூடத் தமிழ்ல பேசுறது நீங்க ஒருத்தர்தாங்கா. டீ வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு எங்கிட்ட வருவீங்க?"

ரயில் ஏறும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினான், கழுத்துத்துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு. இடைவேளையில் தேநீரை வாங்கி வந்து பெஞ்சில் வைத்தேன். அவன் பழக்கத்தில் கையை நீட்டினான், தட்டிவிட்டேன். ஆறட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும். ஐந்து மாதத்தில் இந்தப் பிள்ளை தேநீர் குடிப்பதை நான் நின்று பார்த்ததே இல்லை. ஒரே ஒருநாள் பார்த்திருந்தால் போதும், அந்த முகமே எனக்குச் சொல்லியிருக்கும்.