கஜா அண்ணனின் வண்டியில் மோட்டார் இருந்ததா?

கஜா அண்ணன் காலமான செய்தி ஒரு வியாழக்கிழமை காலை, அவருடைய எண்ணிலிருந்தே நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. “அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்” என்று ஒரே வரி. மகள் அனுப்பியிருக்கிறாள் என்று மற்றவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். நான் நம்பவில்லை. இதே எண்ணிலிருந்து ஒருமுறை “வண்டி திருட்டு போச்சு, ஓடியாங்க” என்று செய்தி வந்து, நாம் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு கலங்கரை விளக்கத்தடிக்கு ஓடினோம். அங்கே மனிதர் புதிதாக ரெக்சின் தைத்த சைக்கிளின் மேல் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். “பழைய வண்டி எங்க கீது, காட்டுங்க பாப்போம்? இல்லல்ல? அப்போ திருட்டு போன மாரிதானே!” என்றார். அந்த அனுபவம் இருந்ததால் அவருடைய எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மனைவி மல்லிகா அக்கா எடுத்து, “அவரு இல்ல மேடம்” என்றார். குரலிலிருந்து பொய்யைப் பிரித்தெடுப்பது என் பிழைப்பு. அந்தக் குரலில் பொய் இல்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழுவுக்குப் புதியவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் முன்கதை. விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, அடி நிஜமா, காசுக்காக வாங்கிக்கொண்டதா என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்லும் வேலை என்னுடையது. சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. என் சைக்கிளில் நான் செய்துகொண்ட ஒரே அலங்காரம் இரண்டு பக்கமும் கண்ணாடி. பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் எனக்கு ஓட்ட வராது. ஞாயிறு விடிந்ததும் கலங்கரை விளக்கத்தடியில் கூடி, சாந்தோம் வழியாக அடையாறு பாலத்தைத் தாண்டி, பெசன்ட் நகர் கடற்கரையில் காபி குடித்துத் திரும்புவது நம் வழக்கம். உடற்பயிற்சி என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அவரவர் வண்டியைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான் போகிறோம்.

மயிலாப்பூர் ஸ்ரீதர் பெருங்குடியில் மென்பொருள் வேலை பார்ப்பவன். அவனுடைய கார்பன் வண்டி ஒரு கார் வாங்கும் விலை. அதிலும் திருகாணி திருகாணியாக மாற்றி எடையைக் குறைத்துக்கொண்டே இருப்பான். மணியைக்கூடக் கழற்றிவிட்டு, யாராவது குறுக்கே வந்தால் வாயாலேயே “டிங் டிங்” என்பான். தி.நகரில் கைக்கடிகாரக் கடை வைத்திருக்கும் இக்பால் பாய் நேர் எதிர். மட்கார்டு முதல் மிதிகட்டை வரை குரோம் பூசி, சக்கரத்துக்குள் விளக்குச் சரம் விட்டு, கல்யாண வீட்டு வாசல் மாதிரி வந்து நிற்பார். கிளம்புவதற்கு முன் ஒருவர் வண்டியை மற்றவர் தூக்கிப் பார்ப்பது நம் குழுவின் சடங்கு. ஸ்ரீதரின் வண்டியை ஒரு விரலால் தூக்கி “அடேயப்பா” என்போம். இக்பால் பாயுடையதை இரண்டு கையாலும் தூக்கி அதே “அடேயப்பா”வைச் சொல்வோம். தூக்க விடாவிட்டால் மரியாதைக் குறைவு.

மந்தைவெளியில் கார் சீட் கவர் கடை நடத்திய கஜேந்திரன் என்ற கஜா அண்ணன் முதன்முதலாக வந்த அன்று அவருடைய வண்டியைப் பார்த்து நான் அசந்துபோனேன். இரும்பு ஃப்ரேம். அதன் நடு முக்கோணம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, அரக்கு நிற ரெக்சினில், மஞ்சள் நூலில் கட்டம் கட்டமாகத் தைத்த ஒரு பெட்டி. அதற்கு ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, வாயே கிடையாது. பின்சக்கரத்தின் நடுவிலும் அதே ரெக்சினில் ஒரு பாவாடை. ஆரக்கம்பிகள் சேரும் குடம் வெளியே தெரியாது. கைப்பிடியிலிருந்து குஞ்சலங்கள் தொங்கின. ஸ்ரீதர் பழக்கதோஷத்தில் குனிந்து தூக்கப் போனான். “நைனா, கைய எடு” என்றார் அண்ணன். “கபாலி கோயில் தேர யாராச்சும் தூக்கிப் பாக்குறாங்களா? சுத்தி வந்து கும்ட்டுக்கினு போறாங்கல்ல? அந்த மாரி பாத்துக்கினு போ.” அந்த நொடியே என் மனதில் ஒரு முடிச்சு விழுந்தது. திறக்க முடியாத பெட்டியைத் தைத்துக்கொண்டு வரும் ஆள் அதற்குள் எதையோ வைத்திருக்கிறான். என் தொழிலில் இது பால பாடம்.

அடையாறு மேம்பாலத்தில் சந்தேகம் உறுதியானது. மலை இல்லாத இந்த ஊரில் நமக்கு மேம்பாலம்தான் மலை. ஸ்ரீதர் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்க, அறுபதைத் தாண்டிய கஜா அண்ணன் அந்தப் பாரத்தோடு உட்கார்ந்தபடியே ஏறினார். போகிற போக்கில், “இன்னா நைனா, காத்து கம்மியா கீதா?” என்று விசாரிப்பு வேறு. பெசன்ட் நகர் காபிக் கடையில் ஸ்ரீதர் என் காதருகே குனிந்தான். “மேடம், மோட்டார் வெச்சுண்டிருக்கார். நிச்சயம். பெட்டிக்குள்ள பேட்டரி, பின்னாடி மோட்டார். எங்காத்துல சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறா.” நான் நம்பினேன். ஆனால் நம்பிக்கை வேறு, ஆதாரம் வேறு.

ஆதாரம் தேடினேன். மோட்டார் இருந்தால் சத்தம் இருக்கும். எனவே மேம்பாலத்தில் அவர் சக்கரத்தை ஒட்டியே காதைத் தீட்டிக்கொண்டு போனேன். நான் நெருங்கியதும் மனிதர் பாட ஆரம்பித்துவிட்டார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. தொண்டை மட்டும் இருந்தது. நான் பின்தங்கினால் பாட்டு நிற்கும். மீண்டும் நெருங்கினால் விட்ட அடியிலிருந்து தொடங்கும். இன்னொரு ஞாயிறு, காபிக் கடை வாசலில் யாரும் பார்க்காதபோது பின்சக்கரப் பாவாடையின் மேல் கை வைத்துப் பார்த்தேன். கார் ஓடியதா, நின்றதா என்று கண்டுபிடிக்க பானட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம். சூடாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது: “ஜொரமா கீதா மேடம்? மாத்திர வாங்கியாரட்டா?” வெயிலில் நிறுத்திய ரெக்சின் எந்த வண்டியில் இருந்தாலும் சுடும் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இக்பால் பாயும் சும்மா இருக்கவில்லை. மோட்டாருக்குள் காந்தம் இருக்கும், காந்தத்தைக் காந்தத்தால் பிடிக்கலாம் என்று, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியை ரசிப்பது போல் தடவிக்கொண்டே போய்ப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. “ஒட்டிடுச்சு! ஒட்டிடுச்சு மேடம்!” என்று பாய் துள்ளிக் குதித்தார். ஸ்ரீதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கஜா அண்ணன் காபியை நிதானமாக முடித்துவிட்டு வந்தார். காந்தத்தைப் பிடுங்கி எடுத்துப் பாயுடைய குரோம் வண்டியில் ஒட்டினார், ஒட்டியது. பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் ஒட்டினார், அதிலும் ஒட்டியது. “பாய், குப்பத் தொட்டிக்கும் மோட்டார் கீது போல” என்றார். இரும்பு ஃப்ரேமில் காந்தம் ஒட்டாமல் என்ன செய்யும்? இத்தனை படித்த நம் மூளைக்கு அன்று அது எட்டவில்லை. அன்று முழுக்கச் சிரித்தோம். ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை. இவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளிக்கிறவரிடம் மறைக்க ஏதோ இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் சைக்கிள் குழுக்கள் எத்தனையோ தொடங்கின. முதல் மாதம் கடற்கரையே நிறையும். மழைக்காலம் வந்தால் பாதி காணாமல் போகும். அதன் பிறகு அந்த விலை உயர்ந்த வண்டிகளின் மேல் பால்கனியில் துண்டு காயும். நம் குழு மட்டும் நின்றது. குழந்தை பிறந்ததும் ஸ்ரீதர் விலகுவதாக இருந்தான். “மோட்டார் விஷயம் தெரிஞ்சுண்டு நின்னுடறேன் மேடம்” என்று தொடர்ந்து வந்தான். இக்பால் பாய்க்கு மூட்டு வலி. அவரும் அதையேதான் சொன்னார். எல்லோரும் அந்தப் பெட்டியைத் திறக்கும் நாளுக்காக ஞாயிறுதோறும் எழுந்தோம். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

என் கணவர் இறந்த பிறகு நான் வருவதை நிறுத்திவிட்டேன். கோபாலபுரத்து வீட்டின் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். போனை எடுக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் கதவைத் திறக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பித்தளை மணிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கஜா அண்ணன் வண்டியில் உட்கார்ந்தபடி ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று “சொல்லுங்க அண்ணே” என்றேன். “ஒண்ணுமில்ல மேடம். இந்த ரோட்டு பக்கம் போய்க்கினு இருந்தேன். பாக்ஸக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கீறேன். நீங்க பாத்தா நல்லாருக்கும்னு தோணிச்சு.” பார்த்தேன். பெட்டியின் அடியில் புதிதாக ஒரு புடைப்பு. அளவெடுத்தாற்போல ஒரு பேட்டரி உட்காரும் அளவு. “இது எதுக்கு?” என்றேன். “அழகுக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டு வாசலுக்கு வந்து காட்டுகிற காரியமா இது? அந்த ஞாயிறு விடிவதற்கு முன்பே கலங்கரை விளக்கத்தடியில் நின்றேன். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம். அதன் பிறகு ஒரு ஞாயிறும் நான் விட்டதில்லை.

அவர் போன பின் வந்த ஞாயிறு ஸ்ரீதர் வரவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றான். அடுத்த ஞாயிறு இக்பால் பாய் மூட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். பெசன்ட் நகர் வரை நான் மட்டும் போனேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். பின்னால் ஒருவரும் இல்லை. நம் குழுவும் முடிந்தது என்று தோன்றியபோது எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிறு இல்லாவிட்டால் நான் மறுபடி அந்தப் பூட்டிய கேட்டுக்குள்தான்.

காரியம் முடிந்த அன்று நாங்கள் மூவரும் மந்தைவெளி வீட்டுக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே, போர்வை போர்த்தி வண்டி நின்றது. மல்லிகா அக்கா போர்வையை விலக்கினார். இப்போது தடுக்க ஆளில்லை. குனிந்து தூக்கிப் பார்க்கலாம், தையலைப் பிரிக்கலாம். ஸ்ரீதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மோட்டாரு கீதா இல்லியான்னு நீங்க அடிச்சிக்கினு இருந்தீங்களாமே” என்றார் அக்கா. “நானே கேட்டேன். எங்கிட்டயும் சொல்லல. ‘தெரிஞ்சிட்டா அவங்க எதுக்கு மல்லிகா வரப்போறாங்க’ன்னாரு. கடைய மருமவன் பாத்துக்கினப்புறம் வாரம் பூரா இவரக் கூப்புட ஒரு ஆளு கெடையாது. ஞாயித்துக்கெழமைக்குன்னு சனிக்கெழமையே வண்டியத் தொடச்சி வெச்சிருவாரு. மேடம், உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு மதியானம் பூரா உக்காந்து தெச்சாரு. ‘இன்னாத்துக்கு இந்த வேல’ன்னு கேட்டேன். ‘அந்தம்மாவுக்கு ஆறுதல் சொன்னா வராது. சந்தேகம் வந்தா வரும்’னாரு.”

இத்தனை வருடம் அவரை நான் உளவு பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். என்னை அவர் எவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தார் என்று அந்த மாடிப்படியடியில்தான் தெரிந்தது. அவர் இருந்தபோது சொல்லாத நன்றியை இங்கே சொல்லிவிடுகிறேன். அண்ணே, அன்றைக்கு நீங்கள் மணி அடித்திருக்காவிட்டால் நான் வெளியே வந்திருக்க மாட்டேன்.

வண்டியை நானே எடுத்துப்போகும்படி அக்கா சொன்னார். ஸ்ரீதரும் பாயும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏறி உட்கார்ந்தேன். லஸ் வழியாக வந்து ராதாகிருஷ்ணன் சாலை மேம்பாலத்தில் ஏறினேன். ஏற்றத்தில் மிதிக்கிற காலுக்குத் தெரியாமல் எதையும் மறைக்க முடியாது. உச்சியைத் தாண்டி இறங்கியதும் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது. ஆக, வண்டியில் மோட்டார் இருந்ததா என்பது இப்போது எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்: அரக்கு ரெக்சினும், மஞ்சள் தையலும், உள்ளே இருப்பதும். இந்த ஞாயிறு விடியும்போது கலங்கரை விளக்கத்தடியில் அந்த வண்டியோடு நிற்பேன். ஸ்ரீதர், குழந்தைக்கு உடம்பு தேறியிருக்கும். பாய், மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வாருங்கள். சந்தேகத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள். தூக்கிப் பார்க்க மட்டும் யாரும் குனியக் கூடாது. மேம்பாலத்தில் காதைத் தீட்டிக்கொண்டு என் பின்னால் ஒட்டி வந்தால் நான் பாட ஆரம்பித்துவிடுவேன்.